செம்மஞ்சளுக்கு வரும் மீன்கள்

12 ஜனவரி 2026, திங்கள்

இன்றும் செம்மஞ்சள்தான். இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய் ஈக்களை, கொக்கியில்லாமல், நிறம் நிறமாகத் தொட்டிக்குள் விட்டேன். கறுப்பை ஒரு சல்மன் குஞ்சு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பச்சையை ஒன்றும் கணக்கெடுக்கவில்லை. செம்மஞ்சள் தண்ணீரைத் தொட முதலே பாய்ந்து வந்து கவ்விவிட்டன.

எங்கள் மீன் நிலையத்துப் பொறுப்பாளர் அம்மா, பிரவ் லோரன்ஸுக்கு நல்ல சந்தோஷம். நாங்கள் வளர்த்து ஆற்றில் விடும் குஞ்சுகள், வேறு மீனுக்குப் போடும் தூண்டிலில் மாட்டிச் சாகின்றன. எந்த நிறம் இழுக்கிறது என்று தெரிந்தால் அதைப் போடாதீர்கள் என்று தூண்டில்காரருக்குச் சொல்லலாம். இந்த முடிவு நின்றால் மார்ச் கடைசியில் மேலாற்று நிலையத்துக்கு ஒருவரை அனுப்புவார். கிழமை முழுக்க அங்கேயே தங்கவேண்டும், தனி அறை உண்டு. "நீங்கள்தான், தேனுஜா" என்றார்.

வீட்டில் சொல்லவில்லை. வெளியே வர, என் மனுசன் துவாரகனின் கார் வாசலில் நின்றது. நான் கலியாணம் முடித்து ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து எங்கே போனாலும் வாசலில் நிற்கிறது.

15 ஜனவரி

பொங்கல். மாமி கேட்டா: "பிள்ளை, உந்த மீன் வேலை எப்ப முடியும்?" மீன் முடிந்தால், என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

19 ஜனவரி, திங்கள்

பஸ்ஸில் போய் வரட்டோ என்று இவரிடம் கேட்டேன். சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"உமக்கு என்ன குறை வைச்சனான்? வாசல்ல இறக்கிறன், வாசல்ல ஏத்திறன்."

குறை இல்லை. அடிக்கிற மனுசன் என்றால் யாரிடமாவது போய்ச் சொல்லலாம். காரில் ஏற்றி இறக்குகிறவரைப் பற்றி யாரிடம் என்னவென்று சொல்ல? குடுத்து வைச்சவள் என்பார்கள். கோப்பி குடிக்கப் போனால்கூட, எங்க நிக்கிறீர் என்று போன் வரும். எனக்கு மூச்சு முட்டுது.

தொட்டி மீனும் நானும் ஒன்று என்று எழுதப் போவதில்லை. மீனுக்கு ஒருவரும் போன் எடுப்பதில்லை.

27 ஜனவரி, செவ்வாய்

ஐயோ.

வெப்பமானி நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. எடுக்கக் கையை விட்டேன். கையில் தீனி இல்லை, ஒன்றுமில்லை. குஞ்சுகள் திரண்டு வந்து மணிக்கட்டில் கொத்தின. செம்மஞ்சள் காப்பு நூலை!

ஐப்பசியில் கௌரி விரதம் முடிய, துவாரகனின் ஆயுளுக்கு என்று கட்டிய நூல். அடுத்த விரதம் வரைக்கும் கழற்றக்கூடாது. பொம்பிளையளுக்கு இடக்கையில் கட்டுவது வழக்கம். நானோ இடக்கைப் பழக்கம், தீனி போடுவதும் அந்தக் கையால்தான். செம்மஞ்சள் வந்தால் சாப்பாடு வரும் என்று இந்தக் குஞ்சுகள் என்னிடம் படித்திருக்கின்றன. புரட்டாதியில் பார்த்தபோது எந்த நிறத்தையும் தேடாத மீன்கள் இவை. அப்போது கையில் நூல் இல்லை.

28 ஜனவரி

பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரிய வராது. முடிவு நிற்கும். அறை கிடைக்கும். தூண்டில்காரர் செம்மஞ்சளை விட்டுவிட்டு வேறு நிறம் போடுவார்கள். குஞ்சுகள் அதில் சாகும். நான் தனி அறையில் நித்திரை கொள்வேன். கொள்வேனா?

30 ஜனவரி, வெள்ளி

பக்கத்துத் தொட்டிக்கு என்னோடு வேலை செய்யும் யென்ஸ் தீனி போடுகிறான், வெறுங்கையால். அங்கே செம்மஞ்சள் ஈயை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பிரவ் லோரன்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூன்று மாத வேலை" என்றார். 

திரும்பி வந்து நூலை வெட்டினேன்.

கையுறை போட்டிருக்கலாம். நீளக் கையுறை அலுமாரி நிறையக் கிடக்கிறது. பிறகு ஏன் வெட்டினாய்? கத்தரிக்கோல் பக்கத்தில் இருந்தது — அது பதிலில்லை.

வீட்டில் மாமிதான் முதலில் கண்டா. தலையில் கையை வைத்துக்கொண்டு குந்திவிட்டா. இவர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் செத்துப்போகோணும் எண்டு நினைக்கிறீரோ?"

இல்லை. சத்தியமாய் இல்லை. நூல் இருந்த இடம் வெளிறிக் கிடந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

4 பெப்ரவரி

மாமி புட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறா. காரிலும் பேச்சில்லை. ஆனால் கார் வருகிறது.

12 பெப்ரவரி, வியாழன்

இவ்வளவு நாளும் முகம் கொடுத்துப் பேசாத பிரவ் லோரன்ஸ் இன்று கூப்பிட்டார். தொட்டி மீனை இனி நம்ப ஏலாதாம். அது எங்கள் கையைத்தான் படிக்கிறது. ஒருவர் கையாலும் தின்னாமல் ஆற்றிலேயே பிறந்த குஞ்சுகளிடம் முதலிலிருந்து கேட்கவேண்டும். "மேலாற்றுக்குப் போவீர்களா? உங்களுக்குத்தான் இந்தப் பிழை எப்படி வரும் என்று தெரியும்."

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகுதான் ஜெர்மன் "யா" வந்தது.

வீட்டில் கேட்கவில்லை. சொன்னேன்.

"ஆரைக் கேட்டு ஓம் எண்டனீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

என் குரலா அது?  இவர் வாசல்வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். பிறகு, "போறதெண்டால் போம். நான் கொண்டுவந்து விடமாட்டன்" என்றார். அதைத் தண்டனை என்று நினைத்துத்தான் சொன்னார். பாவம்.

30 மார்ச், திங்கள்

மேலாற்றுக்கு ரயிலில் வந்தேன். மாறும் இடத்தில் பிழையான ரயிலில் ஏறி, திரும்பி வந்து, மத்தியானம்தான் சேர்ந்தேன். இவர் இன்னும் பேசவில்லை. ஞாயிறு வருவார் போல என்று மாமி போனில் சொன்னா. வரட்டும். வந்தால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

பின்னேரம் ஆற்றோரம் குந்தியிருந்து தண்ணீருக்குள் கையை விட்டேன். கற்களுக்கிடையில் நின்ற குஞ்சுகள் அத்தனையும் ஒரே வெட்டாக ஓடி ஒளிந்துவிட்டன. ஒன்றுகூட என்னிடம் வரவில்லை. ஒன்றுக்குக்கூட என்னைத் தெரியாது. விரல் விறைக்கும் வரைக்கும் கையை எடுக்காமல், தனியே இருந்து சிரித்தேன்.