கேட்கக் கூடாது என்றீர்களே, அண்ணி

என் பிரியமான விஜயா அண்ணிக்கு,

கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை. அடுத்த அறையில் நீங்கள் இருந்தாலும் போன் அடித்துப் பேசுகிறவள். இப்போது அடித்தால் எடுக்க ஆள் இல்லை என்பதால்தான் இந்த வேலை. நாலு பேர் படிக்கிற இடத்தில் இதைப் போடுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளக்கூடிய விஷயமாக இது இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணன் தனக்குச் சமைக்கத் தெரிந்துவிட்டதாக நம்புகிறார். நாங்களும் மறுப்பதில்லை. உங்கள் மகள் மெட்டுகுடா வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில், தெலுங்கில் கேட்டால் இங்கிலீஷில் பதில், அதில் மாற்றம் எதுவும் இல்லை. நான் கொண்டாப்பூரில் அதே ஆபீஸ், அதே தலைவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜீடிமெட்லா. நீங்கள் போன பிறகு ஒரு வாரம்கூட விடவில்லை. அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது. இப்போது அதற்கு வாய் வரவில்லை.

படிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாதே. அதனால் உங்களைப் பற்றி உங்களிடமே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு, மதுரைக்காரர்களான எங்கள் வாயில் ஆமாமுக்கு ‘ஹவ்’வும் வேண்டாமுக்கு ‘நக்கோ’வும் வரவழைத்தவர் நீங்கள். ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனிகளை ஒட்டியுள்ள ஏழைக் குடியிருப்பான பஸ்தியில் லம்பாடிப் பெண்கள் குடியிருக்கிறார்கள். தண்டா என்று சொல்லப்படும் தங்கள் ஊர்களை விட்டு, மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலைக்காக வந்தவர்கள். எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்து வந்தபோதே நீங்கள் அவர்களுக்கு விஜயக்கா. ரேஷன் கார்டுக்கு அலைவீர்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்க நேரம் தராத மேனேஜரோடு மல்லுக்கு நிற்பீர்கள். பழங்குடிச் சான்றிதழை இழுத்தடித்த ஆபீசில் போய் உட்கார்ந்தே வாங்கிக் கொடுத்தீர்கள்.

என்னை முதல் தடவை கூட்டிப் போனபோது பஸ்ஸிலேயே ஒரு சட்டம் போட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெண்களை எதுவும் துருவிக் கேட்கக் கூடாது. சர்வேக்காரர்கள், படம் பிடிக்கிறவர்கள், காலேஜ் பிள்ளைகள் என்று யார் யாரோ வருகிறார்கள். புருஷன் குடிப்பானா, அடிப்பானா என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள், திரும்பி வருவதில்லை என்றீர்கள். “கைக்கு? எதுக்கு கேக்கணும் செல்வி? நாம சும்மா போய் உக்காருவோம். சொல்லணும்னு தோணினா அவங்களே சொல்லுவாங்க.” வாயை அடக்கத் தெரியாத எனக்கே அது பெரிய மரியாதையாகப் பட்டது. ஞாயிறுதோறும் அங்கே போகிற நம் குழுவில் எல்லோரும் அப்படித்தான் பழகினோம். வேறு குழுக்களைப் பார்த்து, இவர்கள் கேள்வி கேட்டே கொல்கிறார்கள் என்று நாம் இளப்பமாகப் பேசியதும் உண்டு.

உங்களுக்கு ரொம்பப் பிடித்த வேலை நாப்கின் கொடுப்பது. கம்பெனி கழிப்பறையில் துணி மாற்ற வசதியில்லை என்று என் ஆபீசில் எல்லோரிடமும் கேட்டு வாங்கி, மாதம் தவறாமல் பெரிய பைகளில் சுமந்துகொண்டு போவீர்கள். அவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள். வாங்கும்போது சிரிப்பார்கள். வெட்கச் சிரிப்பு என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. சமுதாயக் கூடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டதால் தேவ்லி வீட்டில் கூடினோம். அதே தேவ்லிதான், சூப்பர்வைசரை முறைத்துப் பார்த்தே லீவு வாங்குகிறவள். அவள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் நீளமாக ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் நம் நாப்கின்கள். வரிசையாக ஒட்டி ஒழுகலை அடைத்திருக்கிறாள்.

நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஆபீஸ்காரர்கள் கொடுத்ததெல்லாம் உன் கூரைக்குத்தானா என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். ஒரு சொட்டு இறங்காது, நல்ல சரக்கு என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, ஏதோ சொத்தைப் பல்லைப் பிடுங்கியதைச் சொல்வது போலத் தெலுங்கில் சொன்னாள். “எங்களுக்கு அது எதுக்கு அக்கா? கர்ப்பப்பையத்தான் எடுத்தாச்சே.”

அண்ணி, தேவ்லி என்னைவிடச் சின்னவள்.

எங்களுக்கு என்றால் யார் யாருக்கு என்று கேட்டேன். உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் காட்டினாள். இவளுக்கு, அவளுக்கு, மூலையில் பிள்ளையை மடியில் போட்டிருந்தவளுக்கு. காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டால் தலையாட்டுவார்களே, அப்படி ஆட்டினார்கள். வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். முப்பதைத் தாண்டாதவர்களும் அதில் இருந்தார்கள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். திடீரென்று வியர்த்துக் கொட்டுகிறது, மூட்டு வலிக்கிறது, தூக்கம் வரவில்லை என்று அவர்கள் சொன்னதையெல்லாம் ஷிப்ட் வேலையின் அலுப்பு என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள், இல்லையா?

எல்லோருக்கும் ஒரே கதை. வெள்ளைப்படும், இடுப்பு வலிக்கும். டாக்டருக்குப் படிக்காமலே தெருவில் ஊசி போடுகிற ஆர்.எம்.பி. டாக்டரிடம் போவார்கள். பை அழுகிவிட்டது, விட்டால் கேன்சர் ஆகும் என்பார். அவரே ஒரு நர்சிங் ஹோமுக்கு அனுப்புவார். அங்கே எடுத்துவிடுவார்கள். அந்த நர்சிங் ஹோமின் பெயரை இங்கே எழுத எனக்குக் கை துடிக்கிறது. முறைப்படி புகார் போகிறவரை எழுதாதே என்று நான் யோசனை கேட்ட வக்கீல் சொன்னதால் அடக்கிக்கொள்கிறேன்.

விஜயக்காவிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. தேவ்லிதான் பதில் சொன்னாள். “அவ்ளோ தூரத்துலருந்து பையைத் தூக்கிட்டு வருவாங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது? மனசு கஷ்டப்படுமில்ல?”

உங்கள் மனசு கஷ்டப்படக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் மனசு கஷ்டப்படக் கூடாது என்று நீங்கள் கேட்கவில்லை. ஒருவருக்கொருவர் இவ்வளவு நல்லவர்களாக இருந்தே இப்படியொரு அநியாயத்தை மூடி வைக்க முடியுமா, அண்ணி? உங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. செத்தவரோடு சண்டை போடவும் முடியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன்.

அதோடு நிற்கவில்லை. நான் கிளம்பும்போது தேவ்லி இன்னொன்றும் சொன்னாள். அடுத்த வீட்டு அனிதாவுக்கு அந்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷனாம். அனிதா என்பது அவள் பெயர் இல்லை, நான் வைத்தது. இரண்டு பிள்ளைகள், சின்னது இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை. அவளை அந்த ஆர்.எம்.பி.யிடம் கூட்டிப் போனதே தேவ்லிதான். உபகாரம் செய்ததாகத்தான் அவள் சொன்னாள்.

உங்கள் சட்டத்தை அந்த வாசலிலேயே உடைத்தேன். அனிதாவை உட்கார வைத்துக் கேட்டேன். எப்போதிலிருந்து வலிக்கிறது, யார் பார்த்தார்கள், வயிற்றையாவது தொட்டுப் பார்த்தார்களா, ஸ்கேன் எடுத்தார்களா. யாரும் தொடவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே அழுகிவிட்டது என்று சொன்னாராம். அவள் புருஷனை ஒரு பிடி பிடிக்கலாம் என்று திரும்பினால் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். பிள்ளைகளுக்கு அம்மா வேண்டும், பை போனால் போகட்டும் என்றான்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடலாம் என்றதற்கு அனிதா ஒப்புக்கொள்ளவே இல்லை. தள்ளிப் போட்டால் கேன்சர் ஆகிவிடும் என்று பயம். தேவ்லியும் அவள் கட்சி. நாங்களெல்லாம் செய்துகொண்டோம், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று என்னிடமே வாதாடினாள். கெஞ்சினேன், கத்தினேன், கடைசியில் காலில் விழாத குறை. என் தொல்லை தாங்காமல் புதன்கிழமை கிளம்பினார்கள். டாக்டர் என்ன சொல்கிறார் என்று நானும் பார்க்கிறேன் என்று தேவ்லி லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். நான் தோற்பதைப் பார்க்கத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன்.

டாக்டரம்மா வயதானவர், அதிகம் பேசுகிறவர் இல்லை. உள்ளே கூட்டிப் போய்ப் பரிசோதித்தார், ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார், பார்த்தார். பை நன்றாக இருக்கிறது, வெறும் தொற்றுதான் என்றார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் மாத்திரை எழுதினார். ஆபரேஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை, அப்படி யார் சொன்னது என்று என்னைத்தான் அதட்டினார். அந்த அதட்டல் என் காதுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. அனிதாவால் நம்பவே முடியவில்லை. நிஜமாகவா, நிஜமாகவா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் அட்டைகளை வாங்கியதும் அவள் சிரித்தாள். “இது நம்ம லைன்ல ஓடுற மாத்திரை” என்று தேவ்லியிடம் நீட்டினாள்.

தேவ்லி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். வருஷக்கணக்காக அவள் கையால் பெட்டியில் அடுக்குகிற அட்டை. அவள் சிரிக்கவில்லை. அட்டையோடு திரும்பி நடந்து, வரிசையில் நின்றவர்கள் சத்தம் போடுவதையும் கவனிக்காமல் டாக்டர் அறைக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். மேஜைமேல் அதை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“எனக்கும் இதே கஷ்டம்தான் இருந்துச்சு. அப்போ என்னோடது?”

எந்த வயதில் எடுத்தார்கள், எங்கே எடுத்தார்கள், அதற்குமுன் பரிசோதனை ஏதாவது நடந்ததா என்று டாக்டரம்மா விசாரித்தார். எல்லாவற்றுக்கும் தேவ்லி பதில் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தார். என்னால் தலைநிமிர முடியவில்லை. தேவ்லி அதையே மறுபடியும் கேட்டாள், என்னோடது என்று.

ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குரல் கேட்கிறது, அண்ணி. சாப்பிடும்போது கேட்கிறது. அனிதாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை. நமக்கு இது முன்பே தெரிந்திருந்தால் என்று நினைக்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே இல்லை. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அந்த அறையில் நீங்கள் நின்றிருந்தால் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவ்லி எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து அவளே சொன்னாள். தனக்குச் சொல்லப்பட்ட பொய்யையே தானும் அனிதாவுக்குச் சொன்னதாக, தலையைக் குனியாமல் சொன்னாள். பிறகு ஒவ்வொருத்தியாக, எனக்கும் அப்படித்தானா என்று கேட்கத் தொடங்கினார்கள். இந்தக் கடிதத்தில் உன் பெயரை மாற்றி எழுதட்டுமா என்று தேவ்லியிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

வருகிற வாரம் எல்லோரும் சேர்ந்து மாவட்ட சுகாதார அதிகாரியிடம் போகிறோம். தேவ்லிதான் பேசப்போகிறாள், நான் பக்கத்தில் நிற்கப்போகிறேன். அவளுக்கு எடுத்ததை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் எடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து, ஏன் எடுத்தான் என்று சொல்லியே ஆக வேண்டும். அவன் சொல்லும்வரை நான் அவள் பக்கத்தைவிட்டு நகர மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம், அண்ணி.

உங்களிடம் இன்னும் கோபம் தீராத,
உங்கள் வாயாடி நாத்தனார்
செல்வி