முன் சக்கரத்தில் சாயம் விடுகிறது

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் சிரித்த முகமாக இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இங்கே அப்பாவும் நானும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நடமாடுகிறோம், அந்த வகையில் சுகம் என்றே எழுதிவிடுகிறேன். என் முழங்கால் வலி சொல்லாமல் வரும் விருந்தாளி மாதிரி வருகிறது, சொல்லாமல் போகிறது. பள்ளிக்கூடம் திறக்கப் போவதால் சீருடைத் தையல் மலையாகக் குவிந்து கிடக்கிறது, காஜா எடுத்து எடுத்து விரல் நுனி எல்லாம் ஊசி ஓட்டை. மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஒழுக்கை அடைத்தாயிற்று. குட்டிக்குச் சளி குறைந்ததா? குளித்ததும் தலையைச் சரியாகத் துவட்டாமல் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைக்க வேண்டாம் என்று மருமகளிடம் சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயே யோசித்துச் சொன்ன மாதிரி சொல்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவின் சட்டைப் பையில். மணி அடித்தால் ஸ்பீக்கரைப் போட்டு மேஜை நடுவில் வைத்துவிடுகிறார், நான் இருமினால்கூட என்ன விஷயம் என்று கேட்கிறார். அவர் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எதிர்வீட்டு நர்ஸ் பெண் விடுமுறை முடிந்து இன்று மத்தியான ரயிலில் கிளம்புகிறாள், அவளுடைய ஆஸ்பத்திரி உன் ஊரில்தானே, நேரில் வந்து உன்னிடமே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் பெட்டி கட்டி முடிப்பதற்குள் எழுதிவிட வேண்டும், அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் உன் கார். நீ விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அப்பா அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை அதுதான். மற்ற நேரமெல்லாம் நாற்காலி, செய்தித்தாள், மறுபடி நாற்காலி. சவரம் செய்துகொள்ளக்கூட நான் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதுதான் நீ ஒரு நாள் பேச்சுவாக்கில் உன் சிநேகிதன் வண்டியில் சக்கரத்துக்கு உள்ளே காலிப்பருக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறான், பார்க்க அமர்க்களமாக இருக்கிறது என்று சொன்னாய். நீ சொல்லிவிட்டு மறந்திருப்பாய். உன் அப்பா மறக்கவில்லை. காலிப்பர் என்றால் என்ன என்று எனக்கு அன்றுவரை தெரியாது, பிரேக்கை அமுக்கினால் சக்கரத்தோடு சுற்றுகிற வட்டத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்பாம் அது. இப்போது தெரிந்துகொண்டு விட்டேன், தெரியாமலே இருந்திருக்கலாம்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு கல்லூரிப் படிப்பே முடித்துவிட்டார். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார், கம்பிப் பிரஷால் துருவைத் தேய்த்தார், நான் தையலுக்கு வைத்திருக்கும் ஒட்டு டேப்பையும் பழைய செய்தித்தாளையும் வைத்து அந்த வட்டத் தட்டை ஒட்டி மறைத்தார். அவர் விசில் அடித்து எத்தனை நாள் ஆயிற்று, அன்று அடித்தார். எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று என்பதை மறைக்க மாட்டேன். டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது பார்த்தேன், பின்பக்கமும் நன்றாகப் படிய வேண்டும் என்று போல்ட்டைக் கழற்றி அந்தக் கனத்த இரும்பை எடுத்திருந்தார், அது பிரேக் ஆயில் வருகிற கறுப்பு ரப்பர் குழாயிலேயே தொங்கிக்கொண்டு இருந்தது. அதை இப்படியும் அப்படியும் முறுக்கித் திருப்பித் திருப்பிப் பெயிண்ட் அடித்தார். இவ்வளவு கனத்தை அந்தக் குழாய் தாங்குமா என்று கேட்டேன். “ரப்பர்தானே, அதுக்கு ஒண்ணும் ஆகாது, நீ டீயை வெச்சுட்டுப் போ” என்றார். பிரஷில் மீந்த பெயிண்ட்டை வீணாக்க மனம் வராமல் அந்தக் குழாயையும் சேர்த்துச் சிவப்பாக்கிவிட்டார். நான்கு சக்கரமும் மாட்டி முடித்து வெளியே நிறுத்தியபோது நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், பால்காரர்கூட என்ன சார் ரேஸுக்குப் போறீங்களா என்று கேட்டார், அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் வாசல் பெருக்கும்போது இடது முன் சக்கரத்துக்கு அடியில் சிமெண்டுத் தரையில் ஒரு சிவப்புச் சொட்டு பார்த்தேன். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாழ்நாள் முழுக்கச் சாயப்பட்டறையில் நிறம் பார்த்தவர், அந்தக் கண்ணோடுதான் பார்த்தார். “சிவப்பு அப்படித்தான், முதல் ரெண்டு மூணு அலசுக்குச் சாயம் விடும், அப்புறம் தானா நின்னுடும்” என்றார். நானும் துணியோடு மாரடிக்கிறவள்தானே, புதுச் சிவப்புத் துணியை வெள்ளையோடு போட்டு ஊறவைத்து எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கிறேன், எனக்கும் அது சரி என்றே பட்டது. இரும்பில் அடித்த பெயிண்ட் காய்ந்த பிறகு எப்படிச் சாயம் விடும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை பார். மறுநாள் மறுபடி சொட்டு. குழாய் இரும்போடு சேருகிற இடத்தில் பெயிண்ட் உப்பிக்கொண்டு தோல் மாதிரி உரிந்திருந்தது. சரியாகக் காயவில்லை என்று சொல்லி அப்பா அதன் மேலேயே இன்னொரு பூச்சு பூசினார். அது உரிந்தது. இன்னொன்று பூசினார்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆனால் இத்தனை வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அவர் கால் தெரியும். முன்பெல்லாம் பிரேக்கை ஒரு தடவை மிதிப்பார், வண்டி நிற்கும். இப்போது மிதித்து, விட்டு, மறுபடி மிதிக்கிறார். நம் தெரு முனையில் ஸ்டேஷனுக்கு இறங்குகிற சரிவில் போன வாரம் சிக்னலில் வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது, குறுக்கே சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்து ஏதோ திட்டினார். அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வண்டிக்கு உள்ளே ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, என்ன விளக்கு என்று கேட்டதற்கு, “ஹேண்ட் பிரேக் ஒயர் ஏதோ கோளாறு, சும்மா எரியுது” என்றார். அடுத்த தடவை நான் ஏறியபோது அந்த விளக்கின் மேல் என் ஒட்டு டேப்பில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. கண் கூசுகிறதாம்.

அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து வெட்டுத்துணி ஒன்றை எடுத்துப் போய் அந்தச் சொட்டைத் துடைத்தேன். சாயம் தண்ணீராக இருக்கும், இது விரலில் வழுவழு என்று எண்ணெயாக ஒட்டியது. துணியைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு வேறு வேலையில் மறந்துபோனேன், மறுநாள் எடுத்துப் பார்த்தால் துணி பட்ட இடத்தில் மெஷினின் கறுப்புப் பெயிண்ட் பொங்கி எழும்பி விரலோடு வந்துவிட்டது. எத்தனையோ வருஷமாக அழியாத பெயிண்ட் அது. செருப்பு அலமாரிக்குப் பின்னால் அப்பா ஒரு சின்ன பாட்டில் வைத்திருக்கிறார், பிரேக் ஆயில் என்று போட்டிருக்கிறது, அதைத் திறந்து ஒரு சொட்டு தொட்டுப் பார்த்தேன். அதே வழுவழுப்பு, அதே வாசனை. பாட்டிலில் பாதிக்கு மேல் காலி. அவர் முறுக்கித் தொங்கவிட்ட அந்தக் குழாய்தான் எங்கேயோ விட்டுவிட்டது, உள்ளே இருக்கிற ஆயில் கசிந்து தன் வழியில் இருக்கிற பெயிண்ட்டைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நாங்கள் சாயம் என்று நினைத்தது அதுதான்.

பாட்டில் பாதி காலி என்றால், குறையக் குறைய வண்டியில் யார் ஊற்றினார்கள்? அவர்தானே. ஒரு நாள் ஜன்னலிலிருந்து பார்த்தேன், சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டார், மூக்கில் வைத்து மோந்தார், மறுபடி தொட்டு மோந்தார். பிறகு போய்ப் பிரஷை எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்தால் சொல்லிப் புரிய வைக்கலாம், தெரிந்துகொண்டே பூசுகிறவரை என்ன சொல்லி நிறுத்துவது? ஒரே ஒரு தடவை மெதுவாகக் கேட்டேன், ஒர்க்‌ஷாப்பில் ஒரு பார்வை காட்டிவிட்டு வரலாமே என்று. முகம் சுண்டிப்போயிற்று. “நான் தொட்டதையெல்லாம் இன்னொருத்தன் வந்து சரி பார்க்கணும், அப்படித்தானே” என்றார். உனக்கு ஞாபகம் இருக்கும், கடைசி வருஷம் பட்டறையில் அவர் பொருத்தின நிறத்தை இன்னொரு ஆள் மெஷினில் வைத்துச் சரி என்று சொன்ன பிறகுதான் துணி வெளியே போக வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டாரே. அந்தக் காயம் ஆறவே இல்லை. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை, நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். மறுபடி அந்த நாற்காலியில் அவரைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, வாயை மூடிக்கொண்டேன்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். அடுத்த மாதம் நீங்கள் இங்கே வருகிறீர்களே, வந்த மறுநாளே எல்லோரையும் அந்த வண்டியில் ஏற்றி மலைப்பாதை வழியாக மருமகளின் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போவதாக அப்பா திட்டம் போட்டு வைத்திருக்கிறார். சாவியை உன் கையில் கொடுத்து நீயே ஓட்டச் சொல்வாராம், குட்டி உன் பக்கத்தில் அவர் மடியில் உட்காருவாளாம். அந்த மலைப்பாதையில் இறக்கம் எப்படி இருக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் என்ன சொன்னாலும் ஏறாதே. உனக்கென்றால் விட்டுக்கொடுப்பார், நீ வந்து பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்று முதலில் நாலு வார்த்தை சொல், பிறகு டயர் மாற்ற வேண்டும் என்றோ வேறு ஏதாவது சாக்கோ சொல்லி ஒர்க்‌ஷாப்புக்கு நீயே கொண்டுபோ. அதுவும் ஓட்டிக்கொண்டு போகாதே, இழுத்துக்கொண்டு போகிற வண்டியை வரச் சொல். அவருக்கு நோகாமல் எப்படிச் சொல்வது என்று நீதான்

கொஞ்சம் எழுந்து போக வேண்டியதாயிற்று. அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். நர்ஸ் பெண் ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தாளாம், அதை வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டார். “நம்ம வண்டி இருக்கும்போது ஆட்டோ எதுக்கும்மா, ஸ்டேஷன்ல நானே இறக்கி விடறேன்” என்கிறார். அவளும் சரிங்க மாமா என்று பெட்டியைக் கொண்டுவந்து டிக்கியில் வைத்துவிட்டாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும். அந்தச் சரிவில்தான் இறங்க வேண்டும், இந்த நேரத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து லீவுச் சிறப்பு வகுப்பு முடிந்த பிள்ளைகள் கூட்டமாகத் தெருவில் வருவார்கள். எழுதி முடிச்சாச்சா, கவரைக் கொடு, ரயிலுக்கு நேரமாச்சு என்று ஹார்ன் அடிக்கிறார். நான் உனக்கு எழுதுகிற கடிதத்தையே அந்த வண்டியில் ஏற்றி அனுப்பச் சொல்கிறார். நீ வந்து நோகாமல் சொல்வாய் என்று உன் தலையில் கட்டப் பார்த்தேனே, அதற்கெல்லாம் நேரம் இல்லை. வண்டியைக் கிளப்பிவிட்டார், சத்தம் கேட்கிறது.

நான் போய் முன்னால் நிற்கப் போகிறேன். அந்தப் பெண் வேறு வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இந்தக் கவரை அவள் கையில் கொடுப்பேன், அதுவரை இது என்னிடமே இருக்கும். ஆகையால் இது உன் கைக்கு வந்துவிட்டது என்றால், தெருவே பார்க்க அவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள். அவர் என்னோடு பேசாமல் இருப்பார். உயிரோடு இருப்பார். நீங்கள் மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், குட்டிக்கு என் முத்தங்கள். போன் பண்ணினால் முதலில் அப்பாவிடம் பேசு, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா