முன் பிரேக்கில் ஆயில் கசிவு

8-6 ஞாயிறு

காலையிலேயே வெயில். இவர் வண்டியின் முன் பிரேக்கில் ஆயில் கசிகிறது. லீவருக்கு அடியில் எப்போதும் ஈரம், சொட்டுப் பட்டு டேங்கில் பெயிண்ட் உரிகிறது. வெள்ளிக்கிழமை பம்மல் மெயின் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோவை இடிக்கப் போய் மயிரிழையில் தப்பியிருக்கிறார். பின்னால் மகள் நிவி, ஸ்கூல் பையோடு. கேட்டால் "பிரேக் புடிக்கல" என்று ஒரே பதில். பதினெட்டு வருஷ வண்டி. விற்கலாம் என்றால் முகம் தொங்கிப்போகும்.

ரிப்பேர் எல்லாம் இவரே செய்வதுதான் வழக்கம். இப்போது கண் தெரியவில்லையாம், என்னைச் செய்யச் சொல்கிறார். வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் செய்கிறவருக்கு ஸ்க்ரூ தெரியாதாம்! சரி. திருமுடிவாக்கம் கம்பெனியில் பதினோரு வருஷமாக எனக்கு ரப்பர் சீல் செக்கிங்தான் வேலை. நல்லது எது, ரிஜெக்ட் எது, விரலுக்கே தெரியும்.

வாங்க: மாஸ்டர் சிலிண்டர் கிட் (லீவர் பக்கத்து ஆயில் டப்பாவுக்குப் புது சீல் செட்), பிரேக் ஆயில், ட்யூப் ஒரு அடி, தோசை மாவு.

10-6 செவ்வாய்

மழை வருகிற மாதிரி இருட்டி, ஏமாற்றியது. கிட் வாங்கியாயிற்று. கம்பெனி வேனில் கலா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏய், வீட்லயும் செக்கிங்கா?" என்றாள். வேனே சிரித்தது.

இவர் மத்தியான டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தார். பசியில்லையாம். ஐந்து மணிக்கு எழுந்து செய்த சாம்பார் சாதம். கத்தினேன். டிவி பார்த்தார்.

15-6 ஞாயிறு

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன். உள்ளே சீல் ஓரம் தேய்ந்து, ஒரு பக்கம் கீறல். இவர் பெட்ரோலில் கழுவச் சொன்னார். பெட்ரோல் பட்டால் ரப்பர் ஊதிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவி, புது சீல் போட்டுப் பூட்டினேன்.

பிறகு பைப்பிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. மேலே இவர் லீவரை அழுத்திப் பிடிக்க, கீழே நான் சக்கரத்துப் பக்கம் குந்தி, காற்று வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து மூட. ட்யூபில் ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

"நல்லா அழுத்துங்க."

"அழுத்தித்தான் இருக்கேன் செல்வி."

"காலைல ஆறு இட்லி உள்ள போச்சுல்ல? அழுத்துங்க!"

ஒன்றரை மணி நேரம். என் கால் மரத்துப்போனது. கடைசியில் நான் லீவரைப் பிடித்துப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. கசிவு சுத்தமாக இல்லை. இவர் தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தார்.

"இன்னும் புடிக்கல."

எனக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவர் சொல்வதுதானே சரி. கிட் மேல்தான் சந்தேகம்.

17-6 செவ்வாய்

வேறு கடையில் வேறு கிட். மறுபடி கழற்றி, மறுபடி பூட்டி, மறுபடி காற்று எடுத்து. மறுபடி "புடிக்கல." ஸ்பேனரை வீசி எறிந்தேன். நிவி பயந்துவிட்டாள். பாவம், தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறாள்.

19-6 வியாழன்

லீவு போட்டேன். இவர் பஸ்ஸில் வேலைக்கு. வண்டியைத் தள்ளிக்கொண்டு மணி மெக்கானிக் கடைக்குப் போனேன். வேர்த்து ஊற்றியது. அவர் ஒரு ரவுண்டு போய் வந்தார்.

"இன்னாக்கா, பிரேக்கு கல்லு மாதிரி கீது. ஒத்த வெரல்ல நிக்குது. இதுல இன்னா கம்ப்ளெய்ண்ட்டு?"

"புடிக்கலன்றாரேண்ணா."

கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் ஒண்ணு சொன்னா தப்பா எட்த்துக்காதக்கா. போன மாசம் அண்ணன் இங்க வந்தாரு. ஸ்பேனரு கையில நிக்கவே இல்ல. கீய வுந்துகினே இருந்துச்சு. உன்னாண்ட சொல்லாதன்னாரு."

தள்ளிக்கொண்டு வந்தது எப்படி என்று தெரியவில்லை.

சாயங்காலம் இவர் வந்ததும் என் இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் புடிங்க" என்றேன். பிடித்தார். துணி சுற்றின மாதிரி இருந்தது. வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறது. தினம் என் முன்னால் சோறு பிசைகிற கை. பார்க்கவே இல்லை.

"எப்பலேர்ந்து?"

"பொங்கல்லேர்ந்து."

"அன்னிக்கு லீவர அழுத்தும்போது?"

"ரெண்டு கையாலயும்தான் அழுத்தினேன். நீ கீழ இருந்த."

டப்பா மூடியும் அதனால்தான். மூடி திறக்க முடியாமல் பட்டினி கிடந்த மனுஷனைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணாகிறது என்று நிவி கதவைத் தட்டினாள்.

28-6 சனி

தாம்பரம், நரம்பு டாக்டர். ஊசி குத்தி எடுத்த டெஸ்ட்டின் ரிப்போர்ட் வந்தது. கேட்க நான்கு கேள்வி எழுதிக்கொண்டு போனேன். முதல் கேள்வி: எப்போது சரியாகும்?

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இது சரியாகாதும்மா. வேகமா ஏறாம பாத்துக்கலாம்." இடது கையிலும் ஆரம்பித்துவிட்டதாம். மற்ற மூன்றையும் கேட்கவில்லை.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மூன்று ரயில் போனது. ஏறத் தோன்றவில்லை.

"நிவிகிட்ட இப்ப வேணாம்" என்றார். "அவ சிரிச்சிக்கிட்டு இருக்கட்டும், கொஞ்ச நாள்."

30-6 திங்கள்

தூறல். இவர் கம்பெனிக்கு போன் செய்து லீவு சொன்னார். சட்டைப் பட்டன் நான் போட்டேன், கதவைச் சாத்திக்கொண்டு.

ஏழரைக்கு நிவி வண்டி பக்கத்தில் தயாராக நின்றாள். "அப்பா, வாங்க. பிரேக் ரெடியாயிடுச்சுல்லம்மா?"

இவர் என்னைப் பார்த்தார். சாவி என்னிடம்.

"இல்லடி. சரியாகல. இனிமே ஆகாது."

"ரெண்டு தடவ மாத்தினியே?"

நான் சாவியை முந்தானையில் முடிந்தேன். இவர்தான் சொன்னார்.

"பழைய வண்டிம்மா. அம்மா செக் பண்ணிச் சொன்னா கரெக்டா இருக்கும்."