தினமும் ஆறே முக்காலுக்கு

ஜூன் 4

அன்புள்ள மச்சானுக்கு,

இருக்கேன். சாப்பிடுறேன், வேலைக்கும் போறேன். லிஃப்ட் ரிப்பேர்காரன் நான் லீவு போட்டா ஏழாவது மாடிக்காரங்க மூச்சு வாங்கிக்கிட்டே திட்டுறாங்க.

உங்க தங்கச்சி போய்ச் சேர்ந்து ரெண்டு மாசம் கழிச்சு நேத்துதான் அவ போனைத் திறந்தேன். நான் காலையில ஆறரைக்கு வேலைக்குக் கிளம்புவேன். ஆறே முக்காலுக்கு உங்களுக்குப் போன் போயிருக்கு. தினமும், மூணு வருஷமா, அரை மணி நேரம். மத்தியானம் நான் கூப்பிட்டா ரெண்டே நிமிஷத்துல வச்சிடுவா. அண்ணன்கிட்ட மட்டும் அப்படி என்ன பேச்சு?

கோபமெல்லாம் இல்லை. வயிறு எரியுது.

உங்க மாப்பிள்ளை

ஜூன் 10

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்க வயித்தெரிச்சல் என் கண்ணாடிக் கடை வரைக்கும் அனலடிக்குது. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. இனி யாருக்குப் பயப்படணும்?

சின்னதுல அவளுக்குக் காய்ச்சலோட வலிப்பு வந்து அரை மணி நேரம் நிக்கலை. மூளைக்குள்ள ஹிப்போகாம்பஸ்னு சுண்டுவிரல் அளவு இடம், அதுல தழும்பாயிடுச்சு. வலிப்பு அங்கேருந்துதான் கிளம்புதுன்னு டாக்டர் உங்களுக்கும் சொல்லியிருப்பார். அன்னன்னைக்கு நடக்கிறதைப் பதியறதும் அதே இடம்தான். ஒவ்வொரு வலிப்புக்கும் அவளுக்கு அஞ்சாறு நாள் காணாமப் போயிடும்.

அதான் போன். முந்தின நாள் நடந்ததை அவ சொல்லுவா, நான் கடை ஆர்டர் நோட்டுல எழுதுவேன். வலிப்பு வந்த மறுநாள், "அண்ணா, போன வாரம் நானும் அவரும் என்ன பண்ணோம்?"னு கேப்பா. வாசிப்பேன். மனப்பாடம் பண்ணிக்கிட்டு சாயந்திரம் உங்ககிட்ட பேசுவா. "மறந்துட்டேன்னு தெரிஞ்சா அவர் முகம் சுருங்கிடும்"னுவா.

ஒரு தப்பும் பண்ணியிருக்கேன். ஒருநாள் விடிஞ்சதுமே கடையில கண்ணாடி லோடு இறங்கிக்கிட்டிருந்துச்சு, அவ சொன்னது காதுல விழலை. நானே எழுதிட்டேன்: மழையில குடை பறந்து, நீங்க துரத்திப் போய்ச் சேத்துல விழுந்தீங்கன்னு. அடுத்த வலிப்புக்கப்புறம் அதையும் சேர்த்து அவளுக்கு வாசிச்சிட்டேன்.

மன்னிச்சிடுங்க.

மச்சான்

ஜூன் 15

மச்சானுக்கு,

குடை பறந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. முட்டியில சேறு. அவ துப்பட்டாவால துடைச்சு விட்டா. இந்த ரெண்டு மாசமா அதை நினைச்சுத்தான் அழுதுக்கிட்டிருக்கேன். நடக்கவே இல்லையா? தழும்பே இல்லாத மண்டை, அதுலயே அவ வாய் வழியா உங்க கற்பனை பதிஞ்சிருக்கு.

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். பழைய நினைவெல்லாம் எப்பவோ வேற இடத்துக்குக் குடிபோயிருக்குமாம், அதுக்குச் சேதம் கம்மியாம். அப்போ நீங்க ரெண்டு பேரும் விளையாடினது, சண்டை போட்டது எல்லாம் பத்திரம். நான் இருந்த வீட்லதான் தீ. அங்கேயும் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நுழைஞ்சிருக்கேன்.

நோட்டை அனுப்புங்க.

மாப்பிள்ளை

ஜூன் 21

மாப்பிள்ளைக்கு,

நோட்டு ஒன்பதும் பார்சல்ல வருது. கடைசி நோட்டுல தேதி மட்டும் போட்ட பக்கம் ஒண்ணு இருக்கும். அவளோட கடைசி நாள். அன்னைக்கு என்ன பேசினா, என்ன சாப்பிட்டான்னு எழுதுங்க. கூடப் பொறந்தவன், எனக்கும் தெரியணும் இல்லையா?

மச்சான்

ஜூலை 2

மச்சானுக்கு,

ஒன்பதையும் படிச்சேன். அங்கங்க கோடு போட்டு, "இதை மறக்கக் கூடாதுன்னு சொன்னா"ன்னு ஓரத்துல எழுதியிருக்கீங்க. தேடிப் பார்த்தேன். நான் ஃபேனை அவ பக்கம் திருப்பினது. கிரீஸ் கையோட அவ மூக்கைத் தொட்டது. கல்யாண நாள் எதுக்கும் கோடு இல்லை. இதெல்லாம் எனக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

நீங்க கேட்டதுக்கு வரேன். மறுநாள் விடியறதுக்குள்ள, தூக்கத்துலயே வலிப்பு வந்து போயிட்டா. உங்களைக் கூப்பிட அவளுக்கு நேரம் இல்லை. மூணு வருஷத்துல உங்ககிட்ட வராத நாள் அது ஒண்ணுதான். அவ சொல்லலை, நீங்க எழுதலை. நான் நேர்ல பார்த்தேன், அவ்வளவுதான்.

அதை உங்களுக்குத் தர மனசு வரலை. கேக்காதீங்க. நோட்டெல்லாம் என்கிட்டயே இருக்கட்டும். தேதி போட்ட அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சு இதோட வச்சிருக்கேன். எதுவும் எழுதலை.

உங்க தங்கச்சி புருஷன்