பிறைக்கு ஒரு வீடு

திருகோணமலை
புதன்கிழமை, அஸருக்குப் பின்

அன்பு மகள் அம்ராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் அப்ராஸும் பேரனும் அந்த ஊர் வெயிலிலும் நோய் நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே உம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், எனக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றப்படி இருக்கிறோம். கிழமைக்கு இரண்டு தரம் போனில் கதைக்கிற வாப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். போனில் நான் இந்தக் கதையைத் தொடங்கினால் கோபம் வந்து பாதியில் வைத்துவிடுவேன், இரண்டு தரம் அப்படித்தான் நடந்தது. எங்கள் பாடசாலை றிஷானா டீச்சரின் கணவர் நாளைக்கு டோஹா வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உன் மூத்தவாப்பாவை, என்னைப் பெற்ற வாப்பாவை, நான் இந்த வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறேன். அவர் கண்ணை மூடும்வரை இங்கேயே இருக்க நீ சம்மதிக்க வேண்டும். அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்கு முன் உன் பதில் எனக்குக் கிடைக்க வேண்டும்.

நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது உனக்குத் தெரியும். கிண்ணியாவில் இருந்த பெரிய வீட்டை மூத்தவாப்பா என் தங்கச்சி பல்கீஸ் மாமிக்கு எழுதினார், மூதூரில் வளவு வாங்கி ஒரு வீடு கட்டிச் சுஹைரா மாமிக்குக் கொடுத்தார். எனக்கு என்ன என்று ஒரு நாள் கேட்டேன், உனக்குத்தான் பேராதனையில் படிப்புத் தந்தேனே என்றார். அந்தச் சொல்லை நான் முப்பது வருடமாக மறக்கவில்லை, மறந்ததாக உனக்குப் பொய் சொல்லவும் மாட்டேன். படித்து என்ன கண்டேன், எனக்குப் பின் நியமனம் பெற்றவன் அதிபர் கதிரையில் இருக்கிறான், நான் இன்னும் எட்டாம் வகுப்புக்கு வரைபடம் கீறிக் காட்டுகிறேன். கலியாணம் செய்து உம்மாவின் வீட்டுக்கு வந்தேன், உன் கலியாணத்தோடு இந்த வீடு உன் பெயருக்குப் போனது. மனைவியின் வீட்டில் இருபத்தைந்து வருடம், இப்போது மகளின் வீட்டில் மூன்று வருடம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் விரும்பித்தான் கையெழுத்து வைத்தேன். ஆனால் என் தகப்பனை அழைத்து வர ஒரு வாசல்படி என் பெயரில் இல்லை என்பதை இந்த வயதில்தான் சரியாக உணர்கிறேன்.

மூத்தும்மா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு மூத்தவாப்பா தானே ஒரு ஒழுங்கு வைத்தார். ஒரு பிறை மாதம் கிண்ணியாவில், அடுத்த பிறை மாதம் மூதூரில். யாருக்கும் பாரம் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்றார். அவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்த மனிதர், கடற்கரையில் நின்று பார்த்தால் எல்லோருக்கும் ஒரே பிறைதானே என்று நினைத்திருப்பார். மூன்று வருடத்துக்கு முன் சுஹைரா மாமியின் கணவர் றுவைஸ் சர்வதேசப் பிறைக்கு, உலகத்தில் எங்கே பிறை கண்டாலும் மாதம் தொடங்குகிற கணக்குக்கு, மாறினார். பல்கீஸ் மாமியின் வீட்டார் உள்நாட்டில் கண்டு அறிவிக்கிற பிறையோடு நிற்கிறார்கள். நோன்பும் பெருநாளும் ஒரு நாள் முன்பின்னாகப் போனதோடு மூத்தவாப்பாவின் முறையும் ஒரு நாள் முன்பின்னாகப் போனது. றுவைஸ் ஒரு நாள் முந்திக் கொண்டுவந்து விடுவார், பல்கீஸ் மாமி முணுமுணுத்துக்கொண்டு கதவைத் திறப்பாள். போன ஹஜ் பெருநாளில் இரண்டு மச்சான்மாரும் இதே பிறைக்காகச் சண்டை பிடித்துச் சலாமையும் நிறுத்தினார்கள், ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை, போனும் இல்லை. நானும் என் பங்குக்கு நாலு வருடமாகக் கிண்ணியா வீட்டுப் பக்கம் போகாமல் இருந்தேன். என்னைக் கேட்காமல் அந்த வளவின் தென்னைகளை வெட்டினார்கள் என்ற கோபம். ஆகவே இந்த ஒரு நாள் இடைவெளியை அறிந்து வைத்திருக்க வேண்டிய மூன்றாவது ஆளும் அங்கே இல்லை.

இன்றைக்கு இருபது நாளுக்கு முன், ஒரு வியாழக்கிழமை, றுவைஸின் கணக்கில் புது மாதம். காலை எட்டு மணிக்கு ஆட்டோவில் கொண்டுவந்து மூத்தவாப்பாவைக் கிண்ணியா வீட்டுக் கேற்றடியில் இறக்கிவிட்டு, தான் இறங்காமலே திரும்பிவிட்டார். பல்கீஸ் மாமியின் கணக்கில் மூத்தவாப்பா வெள்ளிக்கிழமைதான் வரவேண்டும், அவர்கள் எல்லோரும் புல்மோட்டையில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டார்கள். கேற்றில் ஆமைப்பூட்டு. சீனி வியாதியால் அவருக்கு வலது கண் இல்லை, இடது கண்ணில் நிழல்தான் தெரியும். மூதூரில் அவர் கிண்ணியாவில் இருப்பதாக நினைத்தார்கள், கிண்ணியாக்காரர் அவர் மூதூரில் இருப்பதாக நினைத்தார்கள். நடுவில் அவர் ரோட்டில் இருந்தார்.

மகள், அது காட்டு ரோடு இல்லை. இரண்டு பக்கமும் வீடு, முக்கில் கடை, நாலு எட்டு வைத்தால் பள்ளிவாசல். பிறகு நான் வீடு வீடாகப் போய் விசாரித்தேன். எல்லோரும் கண்டிருக்கிறார்கள். நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் போனவர்கள் சலாம் சொல்லியிருக்கிறார்கள், அவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியிருக்கிறார். பின்னேரம் அஸருக்குப் போனவர்களும் அப்படித்தான். முன் வீட்டுப் பஹ்மியா ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டு, பிளேன்டீ ஒன்றும் கொடுத்திருக்கிறாள். மழை தொடங்கியதும் ஒரு குடையை அவர் கையில் பிடிப்பித்துவிட்டுப் போயிருக்கிறாள். உள்ளே கூப்பிட்டிருக்கலாமே பிள்ளை என்றேன். “கூப்பிட ஆசதான் சேர். மகள்ட வாசல்ல இரிக்கிற மனிசன நான் கூட்டிட்டுப் போனா, நான் பாக்கல்லண்டு ஊருக்குக் காட்டுறியாண்டு பல்கீஸ் ராத்தா கேப்பா. அவட வாயத் தெரியுந்தானே” என்றாள். கடைக்காரர் சொன்னது, “மகள் இப்ப வந்திருவாண்டு அவரே சொன்னாரு, நாம என்னத்தச் சொல்ற.” எல்லோரும் மரியாதை கொடுத்தார்கள், அம்ரா. அந்த மரியாதைக்குள் அவர் பத்து மணித்தியாலம் இருந்து நனைந்தார்.

கடைசியில் தூக்கியவர் வீரசிங்கம். மூத்தவாப்பாவோடு படகில் வேலை செய்தவர், உன் கலியாணத்துக்கும் வந்தார், உயரமான ஆள். தயிர் வாங்கக் கிண்ணியாவுக்குப் போனவர் பொழுதுபட, மஃரிபுக்குச் சற்று முன் அந்த வழியால் வந்திருக்கிறார். எனக்குப் போன் எடுத்தார். “தம்பி, கொப்பர் இஞ்ச ரோட்டில விறைச்சுப்போய் இருக்கிறார். நான் ஆட்டோவுக்குள்ள ஏத்திப்போட்டன், நனைஞ்ச சேட்டையும் மாத்திப்போட்டன். சுத்திவரச் சனம் நிக்குது, ஒருத்தருக்கும் கையில்லையோ?” என்று என்னை ஏசினார். நான் போய்ச் சேர்ந்தபோது மூத்தவாப்பாவின் சாரன் ஈரமாக இருந்தது, அது மழை மட்டும் இல்லை. என் கையைத் தடவிப் பார்த்து ஆளை அடையாளம் கண்டார். “நான் சொன்ன நாளுக்கு வந்திட்டன் மகன், ஊட்டுலதான் ஆளில்ல” என்றார். யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை, தான் பிழை செய்யவில்லை என்று விளங்கப்படுத்துகிற குரல்.

அந்த இரவே நான் அவரை இங்கே கொண்டு வந்திருக்க வேண்டும். பல்கீஸ் மாமி அழுதுகொண்டு வந்து இறங்கினாள், எனக்குக் கோபம், சத்தம் போட்டுவிட்டு அவரை அங்கேயே விட்டு வந்தேன். அது என் பிழை. அடுத்த ஞாயிறு பள்ளிவாசல் நிர்வாகம் எங்களைக் கூப்பிட்டது. காலை லுஹா நேரம் கூடி ளுஹர் பாங்குவரை கதைத்தார்கள், எதைப் பற்றி என்று நினைக்கிறாய், எந்தப் பிறை சரி என்பதைப் பற்றி. இரண்டு பக்கமும் மார்க்கக் கிதாபு கொண்டுவந்தார்கள். ஆங்கிலத் தேதிக்கு மாற்றினால் முடிந்தது என்றேன், “சேர், மார்க்கத்துக்குள்ள உங்கட ஜியோகிரபியக் கொண்டு வராதீங்க” என்று தலைவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதர் எப்படி இருக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒழுங்கு பழையபடி நடக்கட்டும் என்று எழுதிக் கையொப்பம் வைத்தார்கள்.

இந்தத் திங்கட்கிழமை பார்க்கப் போனேன். மூச்சு இழுத்தது, நெஞ்சுக்குள் சளி கரகரக்கிற சத்தம் வாசலுக்குக் கேட்டது. டொக்டரிடம் காட்டவில்லையா என்றதற்குப் பல்கீஸ் மாமி சொன்னாள், “இன்னும் பத்துப் பதினொரு நாளுதானே காக்கா முறை மாறுறதுக்கு. கிளினிக் கொப்பி மூதூர்ல, அங்க போய்க் காட்டட்டுமே.” கெட்ட பெண் இல்லை அவள், கஞ்சி காய்ச்சிப் பருக்கிக்கொண்டுதான் இதைச் சொன்னாள். விசாரித்தால், காலில் ஒரு சீனிப் புண், அதை மூதூரில் காட்டாமல் விட்டதும் இதே காரணத்துக்குத்தான், கிண்ணியா முறை கிட்டிவிட்டது என்று. அப்போதே ஆட்டோ பிடித்து நேரே இங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். டொக்டர் இளம் பிள்ளை, ஒரு சுவாசப்பையில் நீர் கட்டியிருக்கிறது, மருந்தோடு வீட்டில் வைத்திருங்கள், இன்னொரு தரம் குளிர் பிடித்தால் தாங்கமாட்டார், தயவுசெய்து இவரை இனி இடம் மாற்றாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். முன் அறையில் உங்கள் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறேன்.

இப்போது வரப்போவதைச் சொல்கிறேன். அடுத்த வெள்ளி றுவைஸின் புது மாதம், அவர்களின் முறை. நேற்று போனில் கத்தினார், “மாமாட ரெண்டு பெண்புள்ளைகளும் உசிரோட இரிக்கக்க, பேத்திக்குக் குடுத்த ஊட்டுல கொண்டு வெச்சா நாங்க செத்தா போய்ட்டம்? ஜும்ஆ முடிய ஆக்களோட வாறன், தூக்கிட்டுப் போறன்” என்றார். பல்கீஸ் மாமியின் வீட்டாரும் இதில் அவரோடு ஒன்று, வெட்கம் என்றதும் சண்டை மறந்துபோனது. வாய்ச்சவடால் என்று நினைக்காதே, பள்ளியின் தீர்மானம் அவர் கையில் இருக்கிறது. நான் கேற்றை மறித்து நின்றால் முதல் கேள்வி, இது யாருடைய வீடு என்பதுதான். உம்மாவும் அதையே சொல்கிறாள். அவள் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, பாவம், முதுகு தேய்த்துவிடுகிறாள். ஆனால், “மகள்ட வாயால ஒரு சொல்லு வராம நான் அந்த ஆக்களுக்கு முன்னால நிக்க மாட்டன், மருமகன் லீவுல வந்து முகம் சுளிச்சா நாம ரெண்டு பேரும் எங்க போற” என்று கேட்கிறாள். வானிலைக்காரர் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்கிறார்கள், இரண்டு நாளாகக் கொட்டியாரக் குடாப் பக்கம் கறுத்துப் போய் இருக்கிறது. மூதூருக்கு ஆட்டோவில் எத்தனை பாலம், எவ்வளவு காற்று என்று உனக்குத் தெரியும்.

நான் யாருக்கும் நல்ல மகனாக இருந்ததாகச் சொல்ல வரவில்லை. என் கோபங்களை நான் இன்னும் விடவும் இல்லை. ஆனால் என் பாடசாலையிலும் சரி, பள்ளியிலும் சரி, வயதானவர்களைக் கண்ணியப்படுத்துங்கள் என்று வருடா வருடம் பேசக் கேட்டிருக்கிறேன், நானே பேசியும் இருக்கிறேன். ஒருவரையாவது உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துவது அந்தப் பேச்சுகளில் வரவில்லை. மருமகனுக்கு இந்தக் கடிதத்தை மறைக்காதே, முழுவதையும் வாசிக்கக் கொடு. அவர் வேண்டாம் என்றால் அதையும் மறைக்காமல் எழுது, நான் கோபிக்கமாட்டேன், டவுணில் ஒரு அறை எடுத்து நானும் மூத்தவாப்பாவும் போய்விடுவோம், உம்மாவுக்கு இதை இன்னும் சொல்லவில்லை.

மூத்தவாப்பா தன் துணிப் பையை அலுமாரியில் வைக்க விடுகிறார் இல்லை. இரண்டு சாரனும் ஒரு தொப்பியும் மருந்தும், அதைத் தலைமாட்டில் வைத்து ஒரு கையைப் பையின் மேல் போட்டுக்கொண்டு தூங்குகிறார். விழித்ததும், “எத்தினையாம் பிறைக்கு என்னக் கொண்டு போய் உடுவாய் மகன், முன்னாடிச் சொல்லிப்போடு” என்கிறார். இன்றைக்கு மட்டும் மூன்று தரம் கேட்டுவிட்டார். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்து போகிறேன்.

அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும், அந்த ஆயுளின் கடைசியில் உங்களைத் தாங்குகிற கைகளையும் தருவானாக. பேரனுக்கு என் முத்தம், குளிரூட்டியின் நேர் முன்னால் அவனைப் படுக்க வைக்காதே. மறக்கக்கூடாத ஒன்று: வாயால் சொன்னால் போதாது. இந்த வீட்டுச் சொந்தக்காரி நான், என் மூத்தவாப்பா இங்கேதான் இருப்பார் என்று உன் கையால் எழுதி, நீயும் மருமகனும் கையெழுத்து வைத்து, படம் எடுத்து என் போனுக்கு அனுப்பு. வெள்ளிக்கிழமை கேற்றடியில் நின்று காட்ட என் கையில் அது இருக்க வேண்டும்.

உள்ளே இருமல் கேட்கிறது. போய்ப் பார்க்கிறேன்.

உன் வாப்பா,
ஆதம்பாவா அபூதாஹிர்