நாலு மணி நேரப் பயணம்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படியைப் பார்த்தால்தான் முகம் கோணுகிறாள். எங்கள் இருவருக்கும் நீ அனுப்பிய டிக்கெட் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதும்தான் அவளுக்கு வேலை.

டிக்கெட்டில் புறப்பாடு காலை பத்து, போய்ச் சேர்வது மதியம் இரண்டு ஐந்து, ஆனால் பயண நேரம் பதினாலு மணி முப்பத்தைந்து நிமிடம் என்று போட்டிருந்தது. முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து, சேர்ந்த நேரத்தில் புறப்பட்ட நேரத்தைக் கழித்தே காலம் தள்ளியவன் நான், என்னிடமேயா என்று அச்சுப்பிழையைத் திருத்தித் தரச் சொல்லி டிராவல்ஸ் ஆபீசுக்கே போய்விட்டேன். அங்கிருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஐயா, பத்து மணிங்கறது நம்ம ஊர் கடிகாரம், ரெண்டு மணிங்கறது அந்த ஊர் கடிகாரம், நடுவுல பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் இருக்கு என்றாள். இங்கே பகலென்றால் அங்கே ராத்திரி என்று எனக்குத் தெரியாதா என்ன, தெரியும், அதை டிக்கெட்டோடு சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. நீ முதன்முதலில் கிளம்பியபோது உன் டிக்கெட்டைப் பார்த்து நாலு மணி நேரம் என்று மனதில் போட்டுக்கொண்டவன் அப்படியே இருந்துவிட்டேன்.

முந்தாநாள் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. காலை ஐந்து மணிக்கு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவன், பாத்ரூமுக்குத் தவிர எதற்கும் எழுந்திருப்பதில்லை என்று மாலை ஏழரை வரை இருந்தேன். உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு என்று சொல்லிக்கொண்டே அம்மா தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மடியில் உன் பள்ளிக்கூட அட்லஸ். ஏழு மணிக்கு மலைகளைத் தாண்டினேன், ஒன்பதுக்குப் பாலைவனம், திரைச்சீலை காற்றில் உப்பும்போதெல்லாம் ஒரு மேகம் வந்து போனது. அந்தப் பக்கம் பறக்கும்போது வெயில் கூடவே வருமாம், அந்தப் பெண்தான் சொன்னாள். இங்கே வெயில் என்னை விட்டுவிட்டுச் சுவரேறிப் போய்விட்டது. மதியத்துக்கு மேல் கடல். அது தீரவே இல்லை. கால் மரத்து, முதுகு விட்டுப்போய், கண் சொக்கிய நேரத்தில் எதிரே ஒரு விமானத்தில் உன்னைப் பார்த்தேன், அம்மாவுக்கு ஆபரேஷன் என்றதும் தனியாக ஓடி வருகிறாய்.

அன்று நீ வந்து அசந்து தூங்கியபோது தட்டி எழுப்பி, நாலு மணி நேரப் பயணத்துக்கா இந்தத் தூக்கம், பெத்தவளை விடத் தூக்கம் பெரிசா என்று கேட்டேன். நீ முகத்தைக் கழுவிக்கொண்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு மூன்று வருஷமாக வரவில்லை, போனிலும் என்னிடம் நல்லா இருக்கீங்களாப்பா என்பதோடு சரி. தப்பு என்னுடையதுதான் கண்ணு. அன்றைக்கே நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்க எனக்கு வாயில்லை.

நீங்கள் இருவரும் எந்தக் குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும். அம்மாவுக்குக் குளிர் தாங்காது, ஏர்போர்ட்டுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வா. வீட்டுக்கு வந்ததும் நான் அசந்துவிட்டால் தட்டி எழுப்பி, நாலு மணி நேரப் பயணத்துக்கா இந்தத் தூக்கம்னு ஒரு தடவை கேட்டுவிடு. நீ கேட்ட பிறகு நிம்மதியாகத் தூங்குவேன்.

இப்படிக்கு,
கணக்குத் தப்பிய உன் அப்பா