மூடிய கை

அன்புத் தம்பிக்கு,

என் போனை நீ எடுக்க மாட்டாய், அதனால்தான் கடிதம்.

"கட்டைவிரலை உள்ள வெச்சுக் கையை மூடுங்கம்மா" என்றார் டாக்டர். மூடினேன். நுனி சுண்டுவிரலைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தது. நம் வீட்டு உயரமும் நீள விரலும் பரம்பரைக் கோளாறாம். என் இதய வால்வையும் அதுதான் தளர்த்திவிட்டதாம். அடுத்த வாரம் ஆபரேஷன். பயமெல்லாம் இல்லை. அலமாரியைக்கூட ஒழித்துவைத்துவிட்டேன்.

உன் மகள் வாலிபால் ஆடுகிறாளாமே. அப்பா ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிந்ததை நீயும்தான் பார்த்தாய். அவள் கையை மூடச் சொல்லிப் பார், உன் கையையும். விரல் எட்டிப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இருவரும் எக்கோ எடுத்துவிடுங்கள்.

பிறகு அதே மூடிய கையோடு என்னிடம் சண்டைக்கு வா. வீட்டில்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் ஒட்டடைக்குச்சி அக்கா